நானிங் போர்க்களத் தடங்கள்

மலேசியாவின் மலாக்கா மாநிலத்தில் 1831–32இல் நடந்த நானிங் போரின் எச்சங்கள். இவை ஜாசின் மாவட்டத்தை அடுத்த அலோர் காஜாவில் உள்ளன. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை வரியாகக் கேட்டது கிழக்கிந்தியக் கம்பெனி. நானிங் தலைவர் டோல் சையத் மறுத்தார். 1831இல் சென்ற சுமார் 150 சிப்பாய்கள், மரங்களை வெட்டி வழியடைத்த மலாய்க்காரர்களிடம் தோற்றுத் திரும்பினர். மறு ஆண்டு பெரும்படை காட்டை அகல வெட்டிச் சாலையமைத்து முன்னேறியது. 1832 ஜூனில் டோல் சையத்தின் ஊரான தாபோ வீழ்ந்தது.

இரு படையெடுப்பிலும் மெட்ராஸ் காலாட்படையினர் இருந்தனர். ரப்பர்த் தோட்டங்களுக்கு வெகுமுன்பே நம் கரையிலிருந்து வந்தவர்கள் இங்கே மடிந்திருக்கிறார்கள் என்பது தமிழர் மறக்கக்கூடாத செய்தி.

அலோர் காஜாவில் ஆங்கிலேயப் படையினர் கல்லறைகளும், தாபோ நானிங்கில் டோல் சையத்தின் சமாதியும் எஞ்சியுள்ளன. இத்தகைய தடங்களைக் காக்க முன்மாதிரிகள் உண்டு. அமெரிக்காவில் இலாப நோக்கற்ற அறக்கட்டளை ஒன்று நன்கொடை திரட்டிப் போர்நிலங்களையே விலைக்கு வாங்கிக் காக்கிறது. மலேசியாவில் 1983இல் தோன்றிய ‘பாடான் வாரிசான்’ அறக்கட்டளை மலாக்கா ஹீரன் தெருவின் 8ஆம் எண் வீட்டைச் சீரமைத்தது. அந்த அக்கறை நானிங்கின் காட்டுப் பாதைகளுக்கும் உரியது.