காப்பவனைக் காத்த கைங்கர்யம்

கி.பி. 1323ஆம் ஆண்டு தில்லிப் படை திருவரங்கத்தை நெருங்கியபோது, நம் பூர்வாசாரியர்கள் முன் நின்ற வினா, ஊரில் இருப்பதா அகல்வதா என்பது மட்டுமன்று. எம்பெருமானே ரக்ஷகன், சேதநன் ரக்ஷ்யன் என்று வாழ்நாள் முழுதும் உபதேசித்தவர்கள், அவ்வெம்பெருமானையே மறைத்துக் காக்க நேர்ந்தது. ஸர்வேச்வரனைக் காக்க முற்படுவது அவனிடம் விச்வாஸக் குறைவு ஆகாதோ என்று சங்கிக்க இடமுண்டு.

அரசுரிமைப் போரால் பாண்டியநாடு தளர்ந்திருந்த காலம் அது. 1311இல் மாலிக் காபூரின் படையெடுப்பையும் தென்னாடு கண்டிருந்தது. பெரிய பெருமாள் ஸந்நிதியைக் கற்சுவரால் மறைத்து, உத்ஸவரான அழகிய மணவாளனை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு பிள்ளை லோகாசார்யர் தெற்கு நோக்கிப் புறப்பட்டார் என்பது குருபரம்பரை வழி வந்த செய்தி. முதிர்ந்த பிராயத்தினரான அவர், மதுரையை அடுத்த ஜ்யோதிஷ்குடியில் திருநாடு அலங்கரித்தார். ஸுதர்சன ஸூரி ஒப்படைத்த ஸ்ருதப்ரகாசிகையையும் அவருடைய இரு குமாரர்களையும் காத்துக்கொண்டு வேதாந்த தேசிகர் ஸத்யமங்கலம் சேர்ந்தார் என்பர்.

மேற்கண்ட சங்கைக்கு விடையைப் பிள்ளை லோகாசார்யரின் ஸ்ரீவசநபூஷணத்திலேயே காணலாம். பெரியாழ்வார் எம்பெருமானுக்குப் பல்லாண்டு பாடியது ஸ்வரூபத்துக்குச் சேருமோ என்னும் வினாவை அவர் அதில் ஆராய்கிறார். ஞாநம் மேலிட்ட நிலையில், காப்பவன் அவன், காக்கப்படுபவர் நாம் என்னும் முறை வழுவாது நிற்கும். ப்ரேமம் மேலிட்ட நிலையில் அம்முறை மாறி, அவனுக்கு என்ன தீங்கு வருமோ என்று அடியவன் அஞ்சுவான். அவ்வச்சம் அறியாமையால் வந்ததன்று. அன்பின் முதிர்ச்சியால் வந்தது. ஆகவே அழகிய மணவாளனைச் சுமந்து சென்றது தம்மைக் காத்துக்கொள்ளக் கைக்கொண்ட உபாயமன்று; சேஷபூதனுக்கு உரிய கைங்கர்யமே. திருவரங்கத்தின் அச்சம் தீர வேண்டி அபீதிஸ்தவம் அருளிய தேசிகரும், அரசர் எவரையும் நோக்காமல் அரங்கனிடமே விண்ணப்பித்தார்.

இங்கு நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. எம்பெருமான் மீண்டும் கோயிலுக்கு எழுந்தருளியதைப் பிள்ளை லோகாசார்யர் காணவில்லை. ஆயினும் அவர் தம் அந்திம தசையில் வருங்காலத்துக்கே வழிசெய்தார். மதுரையில் அரச காரியத்தில் ஈடுபட்டிருந்த திருமலையாழ்வாரைத் திருத்திப் பணிகொள்ளும்படி கூரகுலோத்தம தாஸர் முதலான சிஷ்யர்களை நியமித்தார். அத்திருமலையாழ்வாரே பின்னர்த் திருவாய்மொழிப் பிள்ளையாய், மணவாள மாமுனிகளுக்கு ஆசாரியரானார். பலனை அவனிடம் விட்டவர் பணியை விட்டாரல்லர்.

கேரள நாடு, திருநாராயணபுரம், திருமலை எனப் பல தலங்களில் எழுந்தருளியிருந்த எம்பெருமானை, விஜயநகரப் பிரதானியான கோபணாரியன் செஞ்சிக்கு எழுந்தருளப்பண்ணி, 1371இல் திருவரங்கத்தில் மீண்டும் பிரதிஷ்டை செய்வித்தான். திருவரங்கத்துக் கல்வெட்டு இதற்குச் சான்று. இடையே கழிந்தவை 48 ஆண்டுகள். பழைய மூர்த்தியை அடையாளம் அறிந்தவர் அரிதாகிவிட்ட அந்நாளில், முதியவனான ஈரங்கொல்லி ஒருவன் திருமஞ்சனத் தீர்த்தத்தைச் சுவைத்து, இவரே நம் பெருமாள் என்றான் எனக் கோயிலொழுகு கூறும். அன்று முதல் அதுவே திருநாமமாயிற்று.

ஆட்சிகள் மாறின; கோயிலும் பல்லாண்டுகள் பூட்டிக் கிடந்தது. உலகுக்கெல்லாம் உடையவனான அவனோ, தன்னைச் சுமந்தோரும் காத்திருந்தோரும் 'நம்' என்று உரிமை கொண்டாடும்படி தன்னைத் தாழ விட்டான். பூர்வர்கள் பற்றிய விச்வாஸம் இத்தகையது.