ஐவர் கேட்ட இருபது பவுன்

கனவான்கள் ஒரு வாயிலாலும் கூலிக்கு ஆடுவோர் மறுவாயிலாலும் ஆடுகளம் புகுந்த ஆங்கில நாட்டுக் கிரிக்கெட் வழக்கத்தைச் சென்ற வாரம் கண்டோம். அவ்வழக்கத்தின் கசப்பு 1896-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. ஆஸ்திரேலியருக்கு எதிராக ஓவல் மைதானத்தில் நடைபெறவிருந்த டெஸ்ட் ஆட்டத்துக்கு, வழக்கமான பத்துப் பவுனுக்குப் பதிலாக இருபது பவுன் வேண்டுமென்று லோமன், கன், ஏபல், ஹேவர்டு, ரிச்சர்ட்சன் ஆகிய ஐந்து தொழில்முறை ஆட்டக்காரர்கள் கேட்டனர். ஊதியமே வாங்காதவர்கள் என்று புகழப்பட்ட கனவான்களிற் சிலர், செலவுத் தொகை என்ற பெயரால் தாராளமாகப் பெற்றுவந்த அக்காலத்தில், இந்தக் கோரிக்கை பேராசையன்று, நியாயமே. ஆயினும் ஓவல் மைதானத்துக்குரிய சர்ரே கழகத்தின் நிர்வாகிகள் இணங்கவில்லை. மூவர் கோரிக்கையைக் கைவிட்டு ஆடினர். கன்னும் லோமனும் ஆடவில்லை. மகத்தான பந்துவீச்சாளரான லோமன் அதன்பின் ஒரு டெஸ்ட் ஆட்டமும் ஆடினாரில்லை.

ஐவரும் திறமையிற் குறைந்தவரல்லர். அவர்களுக்காகப் பேச ஒரு சங்கம் இல்லை, அவ்வளவே. அந்தக் குறை தீர எழுபது ஆண்டுகளுக்கு மேலாயின. 1967-இல் சாமர்செட் வேகப்பந்து வீச்சாளர் ஃபிரெட் ரம்ஸே முன்னின்று ஆட்டக்காரர் சங்கத்தைத் தொடங்க, வானொலி வர்ணனையாற் புகழ்பெற்ற ஜான் ஆர்லட் நெடுங்காலம் அதன் தலைவராக விளங்கினார். கவுண்டி ஆட்டக்காரருக்குக் குறைந்தபட்ச ஊதியம் என்ற நியதி அச்சங்கத்தின் முயற்சியால் வந்தது. 1995-இல் ஆஸ்திரேலியரும் சங்கம் கண்டனர். 1998-இல் பல தேசத்துச் சங்கங்கள் சர்வதேச சம்மேளனமாக இணைந்தன. 2024 முதல் அதற்கு உலக கிரிக்கெட் வீரர்கள் சங்கம் என்று பெயர். லீக் உரிமையாளர் தராது நிறுத்திய சம்பள பாக்கிக்காக வாதாடுவதும், ஓய்வின்றி நெருக்கும் ஆட்ட அட்டவணையைக் கண்டிப்பதும் அதன் பணிகள்.

அந்தச் சம்மேளனத்தில் இந்தியா இல்லை. 2019-இல் இங்கே பிறந்த சங்கமோ ஓய்வு பெற்றோருக்கே உரியது. நட்சத்திர வீரர்க்கு இதனால் நஷ்டமில்லை என்பார் உண்டு. ஆனால் 2020-21 பருவத்தில் ரஞ்சிக் கோப்பை ரத்தானபோது, ஆட்டத்துக்கு இவ்வளவு என்று ஊதியம் பெற்றுக் குடும்பம் நடத்தும் உள்நாட்டு வீரர்கள், இந்திய கிரிக்கெட் வாரியம் இழப்பீட்டை அறிவித்த 2021 செப்டம்பர் வரை காத்திருந்தார்கள். அவர்கள் சார்பில் மேசைக்கு எதிரே அமர்ந்து கேட்க உரிமை பெற்ற பிரதிநிதி ஒருவரும் இல்லை. செல்வம் மிகுந்த வாரியத்தின் கீழ் ஆடுவோர்க்கும் அந்த உரிமை வேண்டும். வாரியத்தின் தயையை நம்பியிருப்பது உரிமையாகாது.

1977-இல் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி அதிபர் கெரி பாக்கர் பணப்பையுடன் வந்தபோது இங்கிலாந்தின் ஆட்டக்காரர் சங்கம் எப்படிப் பிளவுபடாது நின்றது என்பதை அடுத்த வாரம் காண்போம்.