நெல்லைக் கேலிச்சித்திர வழக்கும் கருத்துரிமையின் எல்லைகளும்

தென்காசி வட்டாரத்துக் குடும்பம் ஒன்றின் சாவைப் பற்றி 2017-இல் வரையப்பட்ட கேலிச்சித்திரம், இணையத்தில் கருத்துரிமையின் எல்லை எது, அதை வகுப்பவர் யார் என்ற கேள்வியை உயர் நீதிமன்றம் வரை கொண்டுசென்றது.

பின்னணி

மேலகரம், குற்றாலம் உள்ளிட்ட தென்காசி வட்டாரம் 2019 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அவ்வட்டாரத்தின் காசிதர்மம் ஊரைச் சேர்ந்த கூலித் தொழிலாளி ஒருவர், கந்துவட்டிக் கொடுமை குறித்து ஆட்சியர் அலுவலகத்தில் பலமுறை மனு அளித்தார். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003 முதல் நடைமுறையில் இருந்தும் அவர் குறை தீரவில்லை. 2017 அக்டோபர் 23 அன்று அவர் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மனைவி, இரு குழந்தைகளுடன் தீக்குளித்தார். நால்வரும் உயிரிழந்தனர்.

சித்திரமும் கைதும்

கேலிச்சித்திரக் கலைஞர் ஜி. பாலா, குழந்தை ஒன்று எரிந்துகிடக்க, முதலமைச்சர், ஆட்சியர், காவல்துறை அதிகாரி ஆகியோர் ஆடையின்றிப் பணத்தாள்களால் உடலை மறைத்து நிற்பதாக வரைந்து முகநூலில் வெளியிட்டார். இரண்டு வாரங்களுக்குள், நவம்பர் 5 அன்று, ஆட்சியரின் புகாரின்பேரில் சென்னையில் கைதானார். மறுநாள் பிணையில் வெளிவந்தார்.

இணையப் பதிவுகளுக்காகப் பலரைக் கைதுசெய்யப் பயன்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் சிரேயா சிங்கால் வழக்கில் 2015-லேயே நீக்கிவிட்டது. பாலா மீது அதே சட்டத்தின் ஆபாசம் தொடர்பான 67-ஆம் பிரிவும், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் அவதூறு தொடர்பான 501-ஆம் பிரிவும் பதிவாயின.

இருவகை எல்லைகள்

அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு பேச்சுரிமையை அளிக்கிறது. பொது ஒழுங்கு, அவதூறு முதலிய காரணங்களுக்காக மட்டுமே அரசு அதைச் சட்டத்தால் கட்டுப்படுத்தலாம் என்கிறது 19(2).

இடத்தின் உரிமையாளர் வகுக்கும் எல்லை வேறு. பிறர் இடத்தில் கூட்டம் நடத்தும் உரிமை பேச்சுரிமையில் அடங்காது என்று 1969-இல் ரயில்வே வாரியம் எதிர் நிரஞ்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அமெரிக்காவில், ஒரு நிறுவனத்துக்கே முழுதும் சொந்தமான ஊரிலும் துண்டறிக்கை வழங்குவதைத் தடுக்க முடியாது என்று 1946-இல் தீர்ப்பானது. தனியார் வணிக வளாகத்துக்கு அது பொருந்தாது என்று 1972-இல் முடிவானது.

முகநூலும் தனியார் இடமே. தன் விதிக்கு ஒவ்வாத பதிவை அந்நிறுவனம் நீக்கலாம். பதிந்தவரைச் சிறையில் அடைக்க முடியாது. அந்த அதிகாரம் அரசுக்கே உண்டு. ஆகவே அதன் மீதான கட்டுப்பாடும் கடுமையாக இருக்க வேண்டியுள்ளது. எனினும் 19, 21 பிரிவுகளின் உரிமைகளை அரசல்லாதோருக்கு எதிராகவும் கோரலாம் என்று 2023-இல் கௌஷல் கிஷோர் வழக்கின் பெரும்பான்மைத் தீர்ப்பு கூறியதால், தனியார் தளங்களைப் பற்றிய விவாதம் முடிந்துவிடவில்லை.

தீர்ப்பு

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-இல் பாலா மீதான வழக்கை ரத்து செய்தது. நிர்வாகத்தின் செயலின்மை மீதான கோபத்தையும் துயரத்தையுமே அவர் வெளிப்படுத்தினார், அவமதிக்கும் நோக்கம் அவருக்கில்லை என்று கருதிய நீதிமன்றம், மக்களுக்கு நெறி கற்பிப்பது தன் வேலையல்ல என்றும் குறிப்பிட்டது. ஒரு நாள் காவலில் இருந்த கலைஞர் வழக்கிலிருந்து விடுபட ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் ஆயின.