பன்னாட்டுத் தொழில் நிர்வாகம்: கொரட்டூர், பாடி, அம்பத்தூர் வட்டார வரலாறு

முதலும் அதிகாரமும் ஒரு தேசத்திலும், பட்டறையும் உழைப்பும் மற்றொரு தேசத்திலும் அமைந்திருக்க, பாஷையாலும் பழக்கவழக்கங்களாலும் வேறுபட்ட மக்களை ஒரே கணக்குக்கும் ஒரே தரத்துக்கும் உட்படுத்தித் தொழில் நடத்துவதே பன்னாட்டுத் தொழில் நிர்வாகம் எனப்படுவது. தமிழ்நாட்டில் இதன் சரித்திரத்தை ஒரே இடத்தில் நின்று பார்க்க விரும்புவோர், சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் வில்லிவாக்கத்துக்கு அடுத்த நிலையமாகிய கொரட்டூரில் இறங்கலாம். ஏரியும் வயலுமாக இருந்த இவ்வூரும், திருவலிதாயம் என்னும் பாடல் பெற்ற தலத்தைத் தன்னிடத்தே கொண்ட பாடியும், மேற்கே அம்பத்தூரும் கடந்த நூறாண்டுகளுக்குள் ஆங்கிலேயரோடும் ஜப்பானியரோடும் ஜெர்மானியரோடும் கூடித் தொழில் செய்யப் பழகிய ஊர்களாகிவிட்டன.

கடல் கடந்த வாணிகம் தமிழருக்குப் புதிதன்று. ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் 1088-இல் சுமத்ராத் தீவின் பாரூஸில் தமிழ்க் கல்வெட்டொன்றை நாட்டிச் சென்றிருக்கிறார்கள். ஆயினும் தூர தேசத்துக் கிளைகளை ஊரிலிருந்தபடியே ஆள்வதற்கு ஒரு முறையான நிர்வாக ஏற்பாட்டை வகுத்துக் காட்டிய பெருமை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பர்மா, இலங்கை, மலேயா ஆகிய நாடுகளில் வட்டிக்கடை நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்களையே சாரும்.

கொண்டுவிற்கப் போவது என்று அவர்கள் சொல்லிக்கொண்ட அந்தப் பிரயாணத்தில் முதலாளி பெரும்பாலும் செட்டிநாட்டிலேயே தங்கிவிட, மேலாள் என்னும் ஏஜெண்டு மூன்றாண்டுத் தவணைக்கு அனுப்பப்பட்டார். சம்பளத்தில் ஒரு பகுதியை முன்னதாகவே பெற்றுக் குடும்பத்தாரிடம் ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறிய அவருக்குத் தவணை முடிவில் லாபத்திலும் பங்கு உண்டு. கடன் கொடுக்கவும் மறுக்கவும் அவ்விடத்தில் அவருக்கே அதிகாரம். பெட்டியடிப் பையன் என்னும் பயிற்சியாளனாகச் சேர்ந்து, பின்னவாய்ப்பாட்டைத் தலைகீழாக ஒப்பித்து, மேலாளுக்கு அடுத்த நிலையிலுள்ள அடுத்தாளாக உயர்ந்து, பிறகே ஒருவர் மேலாளானார் என்பதால், அனுப்பப்பட்டவரின் கையெழுத்தையும் குணத்தையும் அனுப்பியவர் நன்கறிந்திருந்தார். ரங்கூன் மொகல் தெருவிலிருந்த கோயிலில் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்தார்கள். கிட்டங்கி என்னும் கடைக்கூடத்தில் பெட்டியும் கைமேசையும் விரித்து, நாட்டிலுள்ள முதலாளிக்குக் கணக்கைத் தவறாமல் எழுதியனுப்பினார்கள். தந்தியும் தபாலும் மந்தகதியில் நடந்த காலத்தில், இத்தனை அதிகாரத்தை இத்தனை தூரத்துக்கு நம்பி விட்டுக்கொடுத்த ஏற்பாடு உலக வாணிக சரித்திரத்திலேயே மிகச் சிறந்தவற்றுள் ஒன்று என்பது என் துணிபு. 1930-இல் வெளிவந்த பர்மா வங்கி விசாரணைக் குழுவின் அறிக்கை, அங்கே சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தனவென்றும், அவற்றில் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் புழங்கியதென்றும் மதிப்பிட்டது.

அதே ஆண்டுகளில் நெல்விலை வீழ்ந்து, கடனைத் திருப்பித் தர இயலாத பர்மிய உழவரின் நிலங்கள் அடமானத்தின் வழியே செட்டியார்களிடம் வந்து சேர்ந்தன. கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு ஆறாக இருந்த அவர்களுடைய நிலவுடைமை, 1938-இல் நூற்றுக்கு இருபத்தைந்தாக உயர்ந்தது. நிலத்தை வேண்டி அவர்கள் அங்கே போகவில்லை. எனினும் மூன்றாண்டுக்கொருமுறை மாறிப் போகும் மேலாள், அந்த ஊர் விவசாயிக்கு என்றும் அயலாராகவே தோன்றினார். பேரேட்டில் ஒரு பைசா பிசகாமல் நடத்திய நிர்வாகம், சுற்றியிருந்த மக்களின் மனக்கசப்பை எழுதிவைக்க ஒரு பத்தியையும் ஒதுக்கவில்லை. ஜப்பானியப் படையெடுப்பும், சுதந்திர பர்மாவின் 1948-ஆம் ஆண்டு நில தேசியமயச் சட்டமும் அந்த ஐசுவரியத்தை அடியோடு கொண்டுபோயின.

1900-இல் பர்மாவின் மோல்மேனில் கடை தொடங்கிய திவான் பகதூர் ஏ.எம். முருகப்ப செட்டியாரின் குடும்பத்தார், காலத்தின் போக்கை முன்கூட்டியே உணர்ந்து 1930-களில் தங்கள் மூலதனத்தை இந்தியாவுக்குத் திருப்பினார்கள். இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் ஸ்தாபனத்தோடு கூட்டுச் சேர்ந்து 1949-இல் அவர்கள் நிறுவிய டிஐ சைக்கிள்ஸ், அம்பத்தூரில் ஹெர்குலிஸ் சைக்கிள்களைச் செய்யலாயிற்று. பிறநாட்டுக்குப் போய் அங்குள்ளோரை நம்ப வைக்க வேண்டியிருந்தவர்கள் இப்போது பிறநாட்டாரைத் தம் ஊருக்கு வரவேற்கும் நிலைக்கு வந்தார்கள். ஆங்கிலக் கூட்டாளியின் தலைவராயிருந்த ஸர் ஐவன் ஸ்டெட்போர்டின் பெயரால் 1966-இல் அம்பத்தூரில் ஒரு மருத்துவமனை எழுந்தது. ஒப்பந்தப் பத்திரம் எதுவும் அதைக் கோரியிராது. இரு தரப்பாருக்கும் இடையே இருந்த மரியாதைக்கு அதுவே சாட்சி.

1911-இல் மதுரையில் தொழில் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்காரின் டிவிஎஸ் குழுமம் 1960-களின் தொடக்கத்தில் பாடியைத் தேர்ந்துகொண்டது. டன்லப்போடு வீல்ஸ் இந்தியா, லூகாஸோடு லூகாஸ்-டிவிஎஸ், கிர்லிங்கோடு பிரேக்ஸ் இந்தியா, கிளேட்டன் டிவாண்டரோடு சுந்தரம்-கிளேட்டன் என நான்கு கூட்டுத் தொழில்கள் சில ஆண்டுகளுக்குள் கொரட்டூரின் வாயிலில் வந்து நின்றன. நூல் கணக்கில் அளந்து பழகிய கைகள் அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்கை மைக்ராமீட்டரில் பிடிக்கக் கற்றன. அது கைவருவதற்குள் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மெட்ரிக் அளவை நடைமுறைக்கு வந்ததால், வரைபடங்களும் கேஜ்களும் மறுபடியும் மாற வேண்டியிருந்தன. ஷிப்டுச் சங்கு ஊத, ரயிலிலிருந்து இறங்கும் தொழிலாளிகளுக்கு நேரக் கட்டுப்பாடு புதிய தர்மமாயிற்று. அதே ஆலைகளில் ஆயுத பூஜையன்று லேத்துக்கும் பிரஸ்ஸுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டு, வாயிலில் பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை வழங்கும் சம்பிரதாயமும் நிலைத்தது. அன்னியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் 1973-இல் வந்து, பெரும்பாலான தொழில்களில் அயல்நாட்டாரின் பங்கை நூற்றுக்கு நாற்பதாகக் குறைத்தபோது, நிர்வாகப் பொறுப்பு பெருமளவு இவ்வூராரிடமே வந்தது.

பிரிட்டிஷார் வரைபடத்தைக் கொடுத்துப் பண்டத்தைக் கேட்டார்கள். அடுத்து ஆசிரியராக வந்த ஜப்பானோ, அந்தப் பண்டம் எப்படி உருவாகிறதென்பதை ஆராயச் சொன்னது. ஒரு குறை தோன்றினால் அதைச் செய்த தொழிலாளியைத் தண்டியாமல், ஏன் நேர்ந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டுக் காரணத்தின் அடிவரை செல்வதும், மீன்முள் போன்ற படத்தில் காரணங்களைக் கிளைகிளையாக எழுதுவதும், அந்த ஆராய்ச்சியை யந்திரத்தருகே நிற்பவனிடமே ஒப்படைப்பதும் அந்த முறையின் சாரம். மேலதிகாரியின் முன் வாய் திறவாமல் நிற்பதையே மரியாதையாகக் கொண்டிருந்த நம் தொழிற்சாலைகளில் இது எளிதில் வந்துவிடவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னால் தண்டனை வராது என்ற நம்பிக்கை தொழிலாளிக்கு ஏற்பட வேண்டும். அந்த நம்பிக்கையை வளர்ப்பதே நிர்வாகியின் முதற் கடமை என்பதை இவ்வட்டாரம் ஜப்பானியரிடம் கற்றது. 1998-இல் சுந்தரம்-கிளேட்டனின் பிரேக் பிரிவு, இந்திய நிறுவனங்களுள் முதலாவதாக, ஜப்பானின் தர விருதான டெமிங் பரிசைப் பெற்றது. பாடியின் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 2001-லும், லூகாஸ்-டிவிஎஸ் 2004-லும் அதைப் பெற்றன.

கற்றவர்கள் வெளியே போகும் காலமும் வந்தது. 1966-இல் பாடியில் உற்பத்தியைத் தொடங்கிய சுந்தரம் பாஸ்டனர்ஸ், சுரேஷ் கிருஷ்ணாவின் தலைமையில், ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடிகளை வழங்கும் பொறுப்பை 1990-களில் ஏற்று, அதன் சிறந்த சப்ளையர் விருதைப் பலமுறை பெற்றது. 2000-களின் முற்பகுதியில் சீனத்தின் செஜியாங் மாகாணத்தில் ஆலையும் நிறுவியது. அன்று மேலாளாக மோல்மேனுக்குச் சென்றவர் கடன் சீட்டோடு சென்றார். இன்று செஜியாங்குக்குச் செல்லும் பொறியாளர், அந்நாட்டுத் தொழிலாளிக்கு வேலையைக் கற்பித்து, அவனிடமிருந்து தானும் கற்று வர வேண்டியவராக இருக்கிறார். பர்மாவில் நேர்ந்ததை அறிந்தவர்கள் இந்த மாறுதலின் மதிப்பைச் சரியாக உணர்வார்கள்.

சுந்தரம்-கிளேட்டனின் பிரேக் பிரிவு 2008-இல் தனியே பிரிந்து வாப்கோ-டிவிஎஸ் (இந்தியா) ஆகி, பின்னர் வாப்கோ இந்தியா ஆயிற்று. தாய் நிறுவனமான வாப்கோவை ஜெர்மனியின் இசட்எஃப் 2020-இல் வாங்கியதைத் தொடர்ந்து, 2022-இல் அது இசட்எஃப் கமர்ஷியல் வெஹிக்கிள் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் இந்தியா என்ற பெயரைப் பெற்றது. அதன் பிரேக் பாகங்கள் அம்பத்தூரில் இன்றும் உற்பத்தியாகின்றன.