குறியும் பிழையும்

தமிழில் குறி பார்க்கிறவர்கள் இரண்டு வகை. சோழி உருட்டி நாளைய சேதி சொல்பவர் ஒருவர். ஒற்றைக் கண்ணை மூடித் துப்பாக்கி பிடிப்பவர் இன்னொருவர். குற்றாலக் குறவஞ்சியில் சிங்கி குறி சொல்கிறாள், அவள் கணவன் சிங்கனுக்குப் பறவை வேட்டை.

குறி என்றால் அடையாளம். மாட்டுக்குச் சூடு வைப்பதும் குறி, அம்பு தைக்கவேண்டிய இடமும் குறி. துருக்கியிலிருந்து கைமாறி வந்த 'துப்பாக்கி'யைச் சொல்லோடு சேர்த்து எடுத்துக்கொண்டோம். குழலின் நுனியில் துருத்தும் சின்ன உறுப்புக்குத்தான் வீட்டுப் பெயர் வைக்கவில்லை. ஜெர்மன்காரருக்கு அது தானியமணி, ரஷ்யருக்குக் குட்டி ஈ, இந்தியிலும் ஈதான். நமக்கு 'சைட்'. அதையும் பஸ் ஸ்டாப்பில் அடிப்பதற்கே அதிகம் பயன்படுத்துகிறோம்.

என்.சி.சி. முகாமில் .22 ரைஃபிளோடு குப்புறப் படுத்திருந்தேன். 25 மீட்டரில் அட்டை. கண் முழுக்க அதன் கறுப்பு வட்டத்தில். "அட்டையை என்னடா முறைக்கிறே? முனையைப் பாரு தம்பி!" என்றார் ஹவில்தார்.

விஷயம் அதுதான். பின்னால் ஒரு வெட்டு, முன்னால் ஒரு முனை, தூரத்தில் இலக்கு: மூன்றையும் ஒரே நேரத்தில் கண்ணால் தெளிவாகப் பிடிக்க முடியாது. முனை துலங்க வேண்டும். இலக்கு மங்கினால் மங்கட்டும். வெட்டுக்கும் முனைக்கும் நடுவே அரை மீட்டர் இருந்தால், வெட்டுக்குள் முனை 1 மி.மீ. விலகினாலே 25 மீட்டரில் குண்டு 5 செ.மீ. தள்ளிப் போகும். முனையும் ஓர் அடையாளம்தான். ஆக, 'குறி பார்ப்பது' என்று சொன்னவர்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். சோழிக்காரர் பார்ப்பதும் சோழியைத்தானே, நாளையை அல்லவே.

வேட்டைக்காரர்கள் விரும்பும் தொலைநோக்கிக் கண்ணாடியில் இந்தத் தொல்லை இல்லை. குறுக்குக்கோடும் விலங்கும் ஒரே தளத்தில் தெரியும். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் அதற்கு இடமில்லை. பின்னே ஒரு துளை, முன்னே ஒரு வளையம், அதற்குள் கறுப்பு வட்டம். நடுவே பத்துக்குரிய புள்ளி அரை மி.மீ.

குறி தவறுவதையும் பிழைத்தல் என்போம், உயிர் தப்புவதையும் பிழைத்தல் என்போம். வேடன் கை பிழைத்தால் முயல் பிழைக்கும். ஒரே வினை, யார் பக்கம் நிற்கிறோம் என்பதுதான் வேறு. அன்று என் ஐந்து குண்டில் நான்கு அட்டையில் இருந்தன. பக்கத்துப் பையன் அட்டையில் ஆறு ஓட்டை.