அன்னஞ்சியில் பிறந்த தக்காளி

எங்கள் பக்கத்துச் சந்தையில் பி.கே.எம்.1 தக்காளியைக் கேட்டு வாங்குகிறவர்கள் பலருக்கு அதன் தாய் யாரென்று தெரியாது. தேனியை அடுத்த அன்னஞ்சியின் பெயரைத் தாங்கிய நாட்டுத் தக்காளிதான் அது. அந்த விதையில் திடீர் மாற்றத்தைத் தூண்டி, முளைத்த செடிகளில் நல்லதைத் தேர்ந்தெடுத்து, பெரியகுளத்துத் தோட்டக்கலை ஆய்வாளர்கள் 1978இல் வெளியிட்டார்கள். 135 நாளில் ஹெக்டேருக்கு 30 முதல் 35 டன். லாரியில் தொலைதூரம் போனாலும் தாங்கும்.

காயைக் கையில் எடுத்துப் பாருங்கள். சற்றே தட்டையான உருண்டை. காம்பைச் சுற்றி மட்டும் கரும்பச்சைப் பட்டை. சீராகச் சிவக்கவில்லை என்று வியாபாரிகள் அதைக் குறை சொல்வதுண்டு. எனக்கு அந்தப் பச்சைமேல்தான் பிரியம். மேல்நாட்டு ஆய்வாளர்கள் சுமார் 70 ஆண்டுகளாக அதை ஒதுக்கி ஒதுக்கியே ரகங்களை உருவாக்கினார்கள். அதற்குரிய மரபணு 2012இல்தான் பிடிபட்டது. காயில் பச்சையத்தைப் பெருக்கி, பழத்துக்குச் சர்க்கரை சேர்ப்பது அதன் வேலை. பச்சையோடு இனிப்பையும் சேர்த்தே கழித்திருக்கிறார்கள்!

மகசூலில் ஹைப்ரிட் முந்தும், அதை மறுக்க முடியாது. ஆனால் அதன் விதையை எடுத்துப் போட்டால் செடிக்குச் செடி குணம் மாறும். பி.கே.எம்.1 பழத்தைப் பிழிந்து, சாற்றோடு புளிக்கவிட்டு, அலசி, நிழலில் உலர்த்தி வைத்தால் அடுத்த போகத்துக்கு விதை வீட்டிலேயே இருக்கும்.