பப்பாந்திரேயுவும் கிரேக்க சோசலிஸமும்

கிரேக்க நாட்டில், பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற ஒருவர் பாடசாலை ஆசிரியராகச் சேர்வதற்குப் பட்டத்துக்கு மேலாக இன்னொரு தாளையும் காட்டவேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. 'சமூகக் கருத்துக்கள் பற்றிய நற்சான்றிதழ்' என்பது அதன் பெயர். அதை வழங்கியோர் பொலிசார். விண்ணப்பித்தவரோ அவருடைய குடும்பத்தாரோ இடதுசாரிகள் என்று பொலிஸ் கோப்பிலே குறிப்பிருந்தால் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லையேல் அரசாங்க உத்தியோகமும் கிடையாது. 1946 முதல் 1949 வரை நடந்த உள்நாட்டுப் போரிலே வேரூன்றிய இவ்வழக்கம், 1974இல் இராணுவச் சர்வாதிகாரம் வீழும்வரை நிலைத்தது. நாசிப் படைகளை மலைகளில் நின்று எதிர்த்த மக்களே இவ்வாறு சொந்த நாட்டில் ஒதுக்கப்பட்டோராயினர். அந்திரேயாஸ் பப்பாந்திரேயு என்னும் சோசலிஸத் தலைவரின் வாழ்வை மதிப்பிட முனைவோர், இந்தத் தாளிலிருந்து தொடங்குவதே பொருத்தமென்று நான் கருதுகிறேன்.

அவர் 1919இல் கியோஸ் தீவிலே பிறந்தார். தந்தை யோர்கியோஸ் பப்பாந்திரேயு பெயர்பெற்ற தாராளவாத அரசியல்வாதி. 1944 டிசெம்பர் 3ஆந் திகதி, ஜெர்மானியர் ஏதென்ஸை விட்டகன்று இரண்டு மாதங்கூட நிறையாத வேளையில், தேசிய விடுதலை முன்னணியின் ஊர்வலத்தின்மீது பொலிசார் அந்நகரின் நடுச்சதுக்கத்திலே சுட்டனர். அன்று பிரதம மந்திரியாயிருந்தவர் அந்தத் தந்தையே. தொடர்ந்து மூண்ட சண்டையில், பிரிட்டிஷ் படைகள் எதிர்ப்பியக்கத்தினரைத் தலைநகரிலிருந்து விரட்டின.

மகன் அப்பொழுது அமெரிக்காவில் இருந்தார். மெத்தாக்ஸாஸ் சர்வாதிகாரத்தின்போது திரொட்ஸ்கிய மாணவனென்று 1939இல் சிறைப்பட்டு, வதையுண்டு, விடுதலையானபின் கடல்கடந்தவர் அவர். ஹார்வார்டிலே பொருளியற் கலாநிதியாகி, அமெரிக்கப் பிரஜாவுரிமை பெற்று, அந்நாட்டுக் கடற்படையிலும் பணியாற்றி, ஈற்றிற் பேர்க்லிப் பல்கலைக்கழகப் பொருளியற்றுறையின் தலைவராக உயர்ந்தார். தாய்நாடு உள்நாட்டுப் போரில் எரிந்தபோது அவர் மினசோட்டாவிலே விரிவுரை நிகழ்த்திக்கொண்டிருந்தார் என்று எதிரிகள் பின்னாளிற் குத்திக்காட்டினர். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் அவரை மாற்றியதும் அமெரிக்காவே. 1964இல் அமெரிக்கப் பிரஜாவுரிமையைத் துறந்து கிரேக்கப் பாராளுமன்றம் புகுந்து, தந்தையின் அரசாங்கத்தில் மந்திரியானார். அவ்வரசாங்கம் 1965 யூலையில் அரசனோடு முரண்பட்டு வீழ்ந்தது. 1967 ஏப்பிரல் 21இல் தளபதிகள் ஆட்சியைக் கைப்பற்றி அவரைச் சிறையிலடைத்தனர். கல்பிரெயித் முதலிய பொருளியலாளரின் முயற்சியும் துணைநிற்க விடுதலையாகி, சுவீடனிலும் கனடாவிலும் கற்பித்தவாறே விடுதலை இயக்கமொன்றை நடத்தினார். தளபதிகளுக்கு வாஷிங்டன் ஆயுதம் வழங்குவதைக் கண்கூடாகக் கண்ட அந்தப் பேராசிரியர், ஏகாதிபத்தியத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியது அக்காலத்திலேதான்.

சர்வாதிகாரம் வீழ்ந்ததும் நாடு திரும்பி, 1974 செப்டெம்பர் 3இல் 'பசோக்' எனப்படும் அகில கிரேக்க சோசலிஸ இயக்கத்தைத் தோற்றுவித்தார். தேசிய சுதந்திரம், மக்கள் இறைமை, சமூக விடுதலை என்பன அதன் முழக்கங்கள். முதலாவது தேர்தலில் 100க்கு 13 வீதமளவு வாக்குகளே கிடைத்தன; 1977இல் 25 வீதம்; 1981 ஒக்டோபர் 18இல் 48 வீதம். ஏழே ஆண்டுகளில் ஒரு புதிய கட்சி ஆட்சியைப் பிடித்தது. சான்றிதழ் மறுக்கப்பட்டோரின் பிள்ளைகள் அன்றிரவு வீதிகளில் ஆடிப்பாடியதிற் பொருளிருந்தது.

அடுத்த இரண்டாண்டுகளில் நடந்தவை மெய்யாகவே பெரியவை. 1982இல் இயற்றப்பட்ட சட்டமொன்று தேசிய விடுதலை முன்னணியின் எதிர்ப்புப் போரைத் தேசிய எதிர்ப்பாக அங்கீகரித்தது. தந்தையின் அரசாங்கம் எவரைச் சுட்டதோ, அவரை மகனின் அரசாங்கம் நாட்டின் வீரரென்று ஏட்டிலெழுதியது. கிரேக்க வரலாற்றில் இதனையொத்த கணக்குத் தீர்ப்பு அரிதெனலாம். அவ்வாண்டே பதிவுத் திருமணம் சட்டமாயிற்று. 18 வயதினர் வாக்குரிமை பெற்றனர். உழவர் குடும்பத்துப் பெண்கள் தம் பெயரிலேயே ஓய்வூதியம் பெறத் தொடங்கினர். 1983இல் புதிய குடும்பச் சட்டம் சீதனத்தை ஒழித்து, குடும்பத்தலைவன் என்னும் ஆடவனது தனியுரிமையை நீக்கியது. தேசிய சுகாதார சேவை நிறுவப்பட்டு, வைத்தியரைக் காண நகருக்கு ஓடவேண்டியிருந்த கிராமங்களுக்குச் சுகாதார நிலையங்கள் வந்தன.

மொழியாசிரியர் கவனிக்கத்தக்க செய்தியும் ஒன்றுண்டு. செந்நடை ஒன்று, மக்கள்நடை ஒன்று என இரு கிரேக்கம் நெடுங்காலம் போரிட்டன. தளபதிகள் செந்நடையின் பக்தர்கள். 1976இல், முந்திய பழைமைவாத அரசாங்கமே, மக்கள்நடையைப் பாடசாலை மொழியாக்கியது, அப்பெருமை பசோக்குக்குரியதன்று. 1982இல் பசோக் அரசாங்கம் பழைய எழுத்திலிருந்த மூன்று அழுத்தக்குறிகளையும் இரண்டு மூச்சுக்குறிகளையும் நீக்கி, ஒரே குறியை வைத்தது. ஒலியிற் பேதமில்லாத குறிகளை மனனஞ் செய்து தண்டனைபெற்ற சிறுவர் தலைமுறையொன்று அத்தோடு முடிவுற்றது.

இனி மறுபக்கம். உள்நாட்டுப் போரில் தோற்று கிழக்கைரோப்பாவிலும் தாஷ்கந்திலும் அகதிகளாயிருந்தோர் திரும்பிவரலாமென்று 1982இல் ஆணை பிறந்தது. ஆனால் 'கிரேக்க இனத்தவர்' மட்டுமே வரலாமென்று அதில் ஒரு சொல் இருந்தது. அவர்களோடு தோள்சேர்ந்து போராடிய சிலாவிய மொழிபேசும் மக்கெதோனியருக்குக் கதவு திறக்கவில்லை. சான்றிதழ் முறையை எதிர்த்தெழுந்த கட்சி, இனத்தின் பெயரால் இன்னொரு சான்றிதழைக் கேட்டது. இந்தச் சிறுமையை அவருடைய அபிமானிகள் பேசுவதில்லை.

அரசாங்க உத்தியோகத்திலும் அதுவே கதை. பொலிஸ் சான்றிதழ் போயிற்று. கட்சிக் கிளையின் சிபாரிசு அதன் இடத்தைப் பிடித்தது. நெடுநாள் பட்டினி கிடந்தோர் பந்திக்கு முந்துவதை மன்னிக்கலாம்; பரிமாறுகிறவன் பாத்திரத்தைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோவதை மன்னிக்க முடியுமா? அக்கட்சியினுள்ளே தலைவரை எதிர்த்துப் பேசினோர் 1975 முதலே வெளியேற்றப்பட்டனர். தலைவனின் சொல்லே வேலைத்திட்டமான இடத்தில் இதனைத் தட்டிக்கேட்போர் யார்?

நேட்டோவிலிருந்தும் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்திலிருந்தும் விலகுவோமென்ற பேச்சு அதிகாரத்துக்கு வந்தபின் அடங்கியது. அமெரிக்கத் தளங்கள் தொடர்வதற்கு அவருடைய அரசாங்கமே 1983இல் ஒப்பந்தஞ் செய்தது. அணுவாயுதப் போட்டியை நிறுத்துமாறு இந்திரா காந்தி, நியெரேரே, பால்மே முதலியோருடன் 1984இல் அவர் விடுத்த அழைப்பு மெய்யான கவலையிற் பிறந்ததே. எனினும் உள்நாட்டிற் தளங்கள் தளங்களாகவே இருந்தன. 1985இல் மீண்டும் வென்ற சில மாதங்களுக்குள் நாணய மதிப்பு 15 வீதம் குறைக்கப்பட்டது. கூலி உயர்வு கட்டுப்படுத்தப்பட்டது. தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். சலுகைகளுக்கான பணத்தைச் செல்வரிடம் வரியாக அறவிடாது கடனாகப் பெற்றதன் பலன் அது. தேசிய வருமானத்தோடு ஒப்பிடுகையில் அரசாங்கக் கடன் அந்தப் பத்தாண்டில் இருமடங்குக்கும் மேலாகப் பெருகியது.

கிரேத்த வங்கி மோசடி, 1989 தேர்தற் தோல்வி, 1992இல் 7க்கு 6 என்ற வாக்குகளால் விடுதலை, 1993இல் மீண்டும் பிரதமர் பதவி, 1996 யூன் 23இல் மரணம் ஆகியவற்றை விரிக்க வேண்டியதில்லை. அவருடைய மகன் யோர்கோஸ் பிரதமராயிருந்த 2010இல் கடன் நெருக்கடி வெடித்தது. 2009இல் 43 வீதத்துக்கு மேல் பெற்ற கட்சி 2015 ஜனவரியில் 5 வீதத்தைத்தானும் எட்டவில்லை.

பொலிஸ் கோப்புகளின் கதி மட்டும் எஞ்சியுள்ளது. எட்டாண்டுகள் ஆண்ட பப்பாந்திரேயு அவற்றை அழிக்கவுமில்லை, மக்கள் பார்வைக்குத் திறக்கவுமில்லை. அவர் தோற்றபின், வலதுசாரிகளும் கம்யூனிஸ்டுகளும் வியப்புக்குரிய வகையிற் கூடி அமைத்த குறுங்கால அரசாங்கம், 1989 ஓகஸ்டில், உள்நாட்டுப் போர் முடிந்த நாற்பதாம் ஆண்டு நிறைவில், இலட்சக்கணக்கான கோப்புகளை உருக்காலை உலையிலிட்டது. சரித்திர ஆசிரியர் பலர் அதை வன்மையாக எதிர்த்தனர். தகப்பனைக் காட்டிக்கொடுத்தவன் யார், தனக்கு ஆசிரியப் பதவி ஏன் மறுக்கப்பட்டது என்று அறிய விரும்பிய மகளுக்கோ மகனுக்கோ, அவ்வுலையிலிருந்து சாம்பலே கிடைத்தது.